கணக்கில் வராத கண்கள்

2005-ஆம் ஆண்டு ஜனவரி 9. பொங்கலுக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. பெரியபாளையத்தை அடுத்த தானாகுளத்தில் ஒரு வீட்டுக்குள் துப்பாக்கியோடு ஒரு கும்பல் புகுந்தது. கும்மிடிப்பூண்டித் தொகுதியின் அ.தி.மு.க. சட்டமன்ற உறுப்பினர் கே.சுதர்சனத்தின் வீடு அது. அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டு, நகைகளை அள்ளிக்கொண்டு மறைந்துவிட்டார்கள். நெடுஞ்சாலையை ஒட்டிய தனி வீடுகளைக் குறிவைத்துத் தமிழ்நாட்டில் வரிசையாகக் கொள்ளையடித்துவந்த பவாரியா கும்பலின் வேலை. காவல்துறை அதிகாரி எஸ்.ஆர்.ஜாங்கிட் தலைமையிலான தனிப்படை, மொழி தெரியாத வட இந்திய ஊர்களில் மாதக்கணக்கில் அலைந்து ஆட்களைப் பிடித்தது. வழக்கு 20 ஆண்டுகள் நடந்து, 2025 நவம்பரில்தான் சென்னை நீதிமன்றம் மூன்று பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

அந்தப் புலனாய்வைத்தான் ஹெச்.வினோத் 2017-இல் 'தீரன் அதிகாரம் ஒன்று' என்ற படமாக எடுத்தார். கார்த்தி நடித்தார். தமிழில் குற்றப் புலனாய்வுப் படம் என்றால் இன்றைக்கும் முதலில் சொல்லப்படும் ஐந்தாறு பெயர்களில் அது ஒன்று. அந்தக் கதை முளைத்த மண் திருவள்ளூர் மாவட்டம்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. காதல் கதையை எந்த ஊரிலும் வைத்துச் சொல்லிவிடலாம். குற்றக் கதைக்கு விலாசம் வேண்டும். எந்தச் சாலை எங்கே திரும்புகிறது, எந்த ஏரிக்கரையில் இரவில் விளக்கு இல்லை, எந்த ஸ்டேஷன் எல்லையில் சடலம் கிடந்தது, அந்த ஊரில் யாருக்கு யார் மேல் பல வருடப் பகை என்பதெல்லாம் சரியாக இருந்தால்தான் கதை நம்பும்படி இருக்கும். தமிழ் வெப் சீரிஸ்கள் கடந்த சில ஆண்டுகளில் செய்த நல்ல காரியம் இதுதான். சென்னையின் நான்கு தெருக்களை விட்டுவிட்டு ஊர்களுக்குப் போயின.

2022 ஜூனில் பிரைம் வீடியோவில் வந்த 'சுழல்' ஒரு சிமென்ட் ஆலை ஊரில் நடக்கிறது. புஷ்கர் - காயத்ரி எழுதி, பிரம்மாவும் அனுசரணும் இயக்கியது. ஆலையில் வேலைநிறுத்தம், ஒரே இரவில் தீ, அதே இரவில் ஒரு பெண் காணாமல் போகிறாள். பின்னணியில் மயானக் கொள்ளைத் திருவிழா. 30-க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு அது போனது. அதே ஆண்டு டிசம்பரில் ஆண்ட்ரூ லூயிஸின் 'வதந்தி' கன்னியாகுமரிப் பக்கம் போனது. அதற்கும் முன்பே, 2022 பிப்ரவரியில், பிரசாந்த் பாண்டியராஜின் 'விலங்கு' ஜீ5-இல் வந்தது. ஒரு சிறு காவல் நிலையம், அதில் உழலும் சில போலீஸ்காரர்கள். பெரிய நட்சத்திரங்கள் இல்லாமலேயே பேசப்பட்ட தொடர் அது.

இந்தத் தொடர்களை எழுதுகிறவர்களுக்கு ஒரு பரம்பரை இருக்கிறது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ரயில் நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கிய பாக்கெட் நாவல்களை நினைத்துப் பாருங்கள். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா. ஷிஃப்ட் முடிந்து ஊருக்குப் போகிறவர்களும், வேலை தேடிப் பட்டணம் வருகிறவர்களும் அவற்றை வாங்கி, படித்து, பக்கத்து சீட்காரரிடம் கொடுத்துவிட்டு இறங்கினார்கள். ஒரு புத்தகத்தைப் பத்துப் பேர் படித்தார்கள். வாடகை நூலகங்களில் அட்டை கிழியும்வரை சுற்றியது. பகிர்ந்து படிப்பது நமக்குப் பழைய பழக்கம். அதில் தவறு இருந்ததாக யாரும் நினைத்ததில்லை. எழுதியவரும் வருத்தப்பட்டதில்லை. ஏனென்றால் கடைக்காரர் மாதாமாதம் எத்தனை பிரதி போனது என்று கணக்குச் சொன்னார். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் அடுத்த மாத நாவல் அச்சுக்குப் போனது.

கணக்கு என்ற அந்தச் சொல்லைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

*

மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு மின்சார ரயிலில் ஏறினால் சுமார் 48 கிலோமீட்டர். நான் போனது மதியம், பி ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள் ஏறும் நேரம். மீஞ்சூரில் ஒரு தம்பி ஏறினார். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். தோளில் டிஃபன் பை, கழுத்தில் சிப்காட் கம்பெனி ஒன்றின் அடையாள அட்டை. என் பக்கத்தில் உட்கார்ந்த கையோடு இயர்போனை மாட்டிக்கொண்டு, பாதியில் விட்ட இடத்திலிருந்து பார்க்கத் தொடங்கினார். திரையில் விமல், காக்கிச் சட்டையில். 'விலங்கு'. மேல் மூலையில் ஜீ5 முத்திரை இருக்கவேண்டிய இடத்தில் ஏதோ ஒரு டெலிகிராம் சேனலின் பெயர்.

பேச்சுக் கொடுத்தேன். மறைக்கவெல்லாம் இல்லை. "ரூம்ல ஒருத்தன் குரூப்ல போட்டான் ண்ணா. ஏழு எபிசோடும் ஒரே ஃபைலா வந்துது" என்றார். அறையில் ஆறு பேர். தருமபுரி, விழுப்புரம், ஒருவர் ஒடிசா. ஒருவர் இறக்கினால் ஆறு பேரும் பார்த்துவிடுவார்கள். ஒடிசாக்காரருக்கு மட்டும் இந்தி ஆடியோ உள்ள வேறு ஃபைல் தேடவேண்டும், அதுவும் கிடைத்துவிடும்.

அந்த ஃபைல் அவர் கைக்கு வரும் வழி நீளமானது. ஓ.டி.டி தளத்தில் ஒளிபரப்பாகும் ஒவ்வொரு தொடரும் பூட்டுப் போட்டுத்தான் வருகிறது. பணம் கட்டியவரின் கருவியில் மட்டும் திறக்கும் மறையீடு. அந்தப் பூட்டு எல்லாக் கருவியிலும் ஒரே அளவு பலமாக இருப்பதில்லை. பலவீனமான இடத்தைப் பார்த்து உடைப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். நள்ளிரவில் தொடர் வெளியானால் விடிவதற்குள் மூலத்துக்கு நிகரான பிரதி வெளியே வந்துவிடுகிறது. திருட்டு விசிடி காலத்தில் தியேட்டரில் கேமராவை ஒளித்துவைத்து எடுத்த படம் ஆடும், முன்வரிசைக்காரர் எழுந்து போவது தெரியும். நல்ல படம் பார்க்க ஆசைப்பட்டவர் எப்படியும் தியேட்டருக்குப் போனார். இன்றைக்கு அந்த வித்தியாசமே கிடையாது. மூலமும் நகலும் ஒன்றுபோல் இருக்கின்றன.

ஆனால் சிப்காட் அறை வரைக்கும் அந்த நல்ல பிரதி வருவதில்லை. போன் நினைவகம் நிறைந்துவிடக் கூடாது, டேட்டா தீர்ந்துவிடக் கூடாது என்பதற்காக அதை மேலும் மேலும் அமுக்குகிறார்கள். ஒளிப்பதிவாளர்களுக்குத்தான் இதன் வலி தெரியும். வீடியோவைச் சுருக்கும்போது முதலில் அடிபடுவது இருட்டு. வெளிச்சமான காட்சி ஓரளவு தப்பிக்கும். இருட்டான காட்சி கட்டம் கட்டமாக உடைந்து சாம்பல் கறையாகிவிடும். குற்றத் தொடர்களோ இருட்டில் வாழ்பவை. கதவிடுக்கில் தெரியும் ஒரு கண், சுவரோரம் நகரும் ஒரு நிழல், மூன்றாவது எபிசோடில் யாரும் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு தடயம். அதைப் பார்வையாளர் பார்த்தும் பார்க்காமலும் இருக்கவேண்டும் என்று எத்தனையோ இரவுகள் விளக்கு வைத்து எடுத்திருப்பார்கள். தம்பியின் போனில் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

இன்னொரு திருட்டும் இருக்கிறது. அதைத் திருட்டு என்று பலர் நினைப்பதுகூட இல்லை. ஆறு மணி நேரத் தொடரை அரை மணி நேரத்தில், தொடரின் காட்சிகளையே வெட்டி ஒட்டி, பின்குரலில் கதை சொல்லிவிடும் வீடியோக்கள். நகைச்சுவைத் தொடரின் கதையை முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போய்ப் பார்த்தாலும் சிரிப்பு வரும். கொலையாளி யார் என்பதைக் கேட்டுவிட்டால் குற்றத் தொடரில் பார்க்க என்ன இருக்கிறது? மற்ற வகைகளில் பாதிதான் போகும். இங்கே முழுதும் போய்விடுகிறது.

*

சரி, இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? பொதுவாகச் சொல்லப்படும் பதில் பணம். ஈ.ஒய். நிறுவனமும் இந்திய இணைய, மொபைல் சங்கமும் 2024 அக்டோபரில் ஓர் அறிக்கை வெளியிட்டன. 2023-இல் இந்தியாவில் திருட்டுப் பிரதிகளைச் சுற்றி நடந்த வியாபாரத்தின் மதிப்பு 22,400 கோடி ரூபாய் என்றது அது. அதில் 13,700 கோடி தியேட்டரிலிருந்து திருடப்பட்ட படங்களால். 8,700 கோடி ஓ.டி.டி தளங்களிலிருந்து திருடப்பட்டவற்றால். படம், தொடர் பார்ப்பவர்களில் 51 சதவீதம் பேர் ஏதாவது ஒரு திருட்டு வழியில் பார்க்கிறார்கள். அந்த வழியில் பார்க்கப்படுவதில் 63 சதவீதம் ஓ.டி.டி தளங்களிலிருந்து எடுக்கப்பட்டது.

இந்தக் கோடிகளை நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். இலவசமாகப் பார்த்த ஒவ்வொருவரும், அது கிடைக்காமல் போனால் மறுநாளே பணம் கட்டியிருப்பார் என்று சொல்ல முடியாது. மாதக் கடைசியில் ரீசார்ஜ் செய்வதற்கே யோசிக்கிற ஒருவரின் பெயரில் நஷ்டக் கணக்கு எழுதுவது நியாயமும் இல்லை. உண்மையான நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது.

தியேட்டர் படத்துக்குப் பல வாசல்கள். டிக்கெட், வெளிநாட்டு உரிமை, தொலைக்காட்சி உரிமை, ஓ.டி.டி உரிமை. ஒன்றில் அடிபட்டாலும் மற்றொன்று கொஞ்சம் தாங்கும். படம் ஓடியதா இல்லையா என்பது ஊருக்கே தெரியும்; தியேட்டர் வாசலில் கூட்டம் நின்றதை யாராலும் மறைக்க முடியாது. வெப் சீரிஸ் அப்படியில்லை. பெரும்பாலும் ஓ.டி.டி நிறுவனமே தயாரிப்புச் செலவைக் கொடுத்து, அதற்கு மேல் ஒரு தொகையையும் தயாரிப்பாளருக்குக் கொடுத்து எடுக்கச் சொல்கிறது. தொடர் வெளிவந்த பிறகு கோடிப் பேர் பார்த்தாலும் எழுதியவருக்கோ இயக்கியவருக்கோ கூடுதலாக ஒரு ரூபாய் வருவது அரிது. அவர்களுக்கு வரவேண்டியது அடுத்த வாய்ப்பு மட்டும்தான். அந்த வாய்ப்பை முடிவு செய்வது மும்பை அலுவலகத்தில் இருக்கும் ஒரு பட்டியல். எத்தனை பேர் பார்க்கத் தொடங்கினார்கள், எத்தனை பேர் கடைசி எபிசோடு வரை வந்தார்கள், இந்தத் தொடருக்காகப் புதிதாகப் பணம் கட்டியவர்கள் எத்தனை பேர்.

மீஞ்சூரில் ஏறிய தம்பி ஏழு எபிசோடையும் பார்த்துவிட்டார். அறையில் இருந்த ஆறு பேரும் பார்த்துவிட்டார்கள். அந்தப் பட்டியலில் இவர்களில் ஒருவரும் இல்லை.

சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த நிலைமை புதிதில்லை. காண்ட்ராக்ட்காரர் மூலமாக வருகிறவர் பத்து வருடம் ஒரே மெஷினில் நின்றாலும் கம்பெனி ரோலில் அவர் பெயர் இருக்காது. விபத்து நடந்தால், போனஸ் என்று வந்தால், அப்போதுதான் அவர் இல்லாத ஆள் என்பது அவருக்கே தெரியவரும். உழைப்புக் கணக்கில் விடுபட்ட அதே மனிதர் இப்போது ரசனைக் கணக்கிலும் விடுபடுகிறார். முன்னதை அவருக்கு அடுத்தவர் செய்தார். இதை அவர் கையாலேயே செய்துகொள்ள வைத்திருக்கிறார்கள். என்னை வேதனைப்பட வைப்பது இதுதான்.

இதன் விளைவு தமிழ்க் குற்றத் தொடர்களில் தெரியத் தொடங்கிவிட்டது என்பது என் எண்ணம். கணக்கில் தெரிகிற பார்வையாளர் யார்? பெருநகரத்தில், பெரிய டிவியில், வருடச் சந்தாவில் பார்க்கிறவர். அவருக்குப் பிடித்தது என்று பட்டியல் சொல்வதுதான் அடுத்து எடுக்கப்படும். இந்தியா முழுவதும் முகம் தெரிந்த நடிகர் இருக்கிறாரா என்ற கேள்வி முதலில் வரும். ஊரின் பேச்சு, ஊரின் சாமி, ஊரின் பகை எல்லாம் பிறகு. 'விலங்கு' மாதிரி நட்சத்திரம் இல்லாத, ஒரு ஸ்டேஷனுக்குள்ளேயே சுற்றிவரும் கதைக்கு அனுமதி வாங்குவது எப்போதுமே கடினம். அதைத் தாங்கிப் பிடித்திருக்கவேண்டிய பார்வையாளர்கள் திரைக்குப் பின்னால் நிற்கிறார்கள்.

*

பார்ப்பவர் பணம் கட்டவில்லை என்பதால் யாரும் பணம் சம்பாதிக்கவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. திருட்டுத் தளத்தில் ஒரு லிங்க்கைத் தொட்டால் மூன்று பக்கங்கள் தானாகத் திறக்கும். அவற்றில் ஒன்றாவது சூதாட்ட விளம்பரமாக இருக்கும். கும்மிடிப்பூண்டியைத் தாண்டினால் ஆரம்பாக்கம், அதற்கப்பால் தடா, ஆந்திரம். இந்த எல்லைப் பகுதியில் தெலுங்குப் படம் பார்ப்பவர்கள் நிறைய. தெலுங்குப் படங்களையும் ஓ.டி.டி தொடர்களையும் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்த ஐபொம்மா தளத்தை நடத்தியதாக ஒருவரை 2025 நவம்பரில் ஹைதராபாத் காவல்துறை கைது செய்தது. தளத்துக்கு வந்த கூட்டத்தைப் பந்தயச் செயலிகள் பக்கம் திருப்பிவிட்டுச் சம்பாதித்தார்கள் என்பது போலீஸ் தரப்புக் குற்றச்சாட்டு. அதற்கு இரண்டு மாதம் முன்பு அதே காவல்துறை பிடித்த இன்னொரு கும்பலில் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள்.

ஆன்லைன் சூதாட்டத்தில் பணத்தை இழந்து உயிரை விட்டவர்களின் செய்திகள் குவிந்த பிறகுதான் தமிழ்நாடு அரசு தடைச் சட்டம் கொண்டுவந்தது. அந்தப் பந்தயத்தின் வாசல், சம்பளம் வந்த அன்று இரவு ஒரு கொலைக் கதை பார்க்க உட்கார்ந்த இளைஞரின் போனில் திறக்கிறது. இலவசம் என்று அவர் நினைத்த தொடருக்கு, அவரோ அறையில் இன்னொருவரோ எங்கேயோ விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2004-லேயே தமிழ்நாடு, வீடியோ திருடர்களைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. பர்மா பஜாரில் விசிடி குவிந்த காலம் அது. காப்புரிமைச் சட்டத்தின் 63-ஆவது பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. 2022-இல் உச்ச நீதிமன்றம் அதைப் பிணையில் விட முடியாத குற்றம் என்று தெளிவுபடுத்தியது. 2023-இல் திருத்தப்பட்ட சினிமட்டோகிராஃப் சட்டம், குறைந்தது 3 மாதச் சிறையோடு, அபராதத்தைப் படத்தின் கணக்குத் தணிக்கை செய்யப்பட்ட தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை உயர்த்தியது. ஆனால் அந்தத் திருத்தத்தின் மனதில் இருப்பது தியேட்டரும் அங்கே ஒளித்துவைத்த கேமராவும். சென்சாருக்கே போகாத, தியேட்டரையே பார்க்காத வெப் சீரிஸுக்கு, பழைய காப்புரிமைச் சட்டமும் நீதிமன்றத் தடையுத்தரவும்தான் துணை.

தடையுத்தரவின் கதை தனி. தனுஷ் நடித்த '3' படத்துக்காக 2012-இல் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த உத்தரவில், இணையச் சேவை நிறுவனங்கள் தளம் தளமாக முழுவதையும் மூடிவிட, சம்பந்தமில்லாதவர்களெல்லாம் கொதித்தார்கள். குறிப்பிட்ட முகவரிகளை மட்டும் தடுத்தால் போதும் என்று அதே நீதிமன்றம் பிறகு விளக்க வேண்டியிருந்தது. 2019-இல் டெல்லி உயர் நீதிமன்றம், ஒரு தளத்தை மூடினால் வேறு பெயரில் முளைக்கும் நகல்களையும் மறுபடி வழக்குப் போடாமலே சேர்த்துத் தடுக்கும் வழியைத் திறந்தது. 2023-இல் அதே நீதிமன்றம் இனிமேல் உருவாகப்போகும் படைப்புகளுக்கும் அந்தப் பாதுகாப்பை நீட்டியது. தமிழ்ராக்கர்ஸ் வழக்கில் 2018-இல் கேரளப் போலீஸ் விழுப்புரம் பக்கத்து இளைஞர்களைப் பிடித்தது. 2020-இல் அந்தத் தளமே அடங்கிப்போனது. வேறு நான்கு பெயர்கள் அதே வேலையைத் தொடர்ந்தன.

இந்த வேட்டையையே ஒரு குற்றத் தொடராக எடுத்தார்கள் என்பது பலருக்கு ஞாபகம் இருக்கும். ஏவி.எம் நிறுவனத்தின் முதல் வெப் சீரிஸ், அறிவழகன் இயக்கி அருண் விஜய் நடித்த 'தமிழ் ராக்கர்ஸ்', 2022 ஆகஸ்டில் சோனி லிவ்வில் வந்தது. 1945-இல் தொடங்கிய ஒரு ஸ்டூடியோ, புதிய வடிவத்தில் தன் முதல் கதையாகத் தன்னைத் தின்னும் நோயைத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்றால், திரைத்துறைக்குள் இருக்கும் பயம் எவ்வளவு என்று புரிந்துகொள்ளலாம்.

*

ஓ.டி.டி நிறுவனங்களிடமும் சில கேள்விகள் கேட்டாக வேண்டும்.

மேலே நான் பெயர் சொன்ன தொடர்களோடு இன்னும் சிலவற்றையும் எடுத்துக்கொள்வோம். 'சுழல்', 'வதந்தி' பிரைமில். 'விலங்கு', 'ஆட்டோ சங்கர்' ஜீ5-இல். 'நவம்பர் ஸ்டோரி', 'மத்தகம்', 'லேபில்' ஹாட்ஸ்டாரில். 'தமிழ் ராக்கர்ஸ்' சோனி லிவ்வில். தமிழில் வந்த ஏழெட்டுக் குற்றத் தொடர்களை நேர்வழியில் பார்க்க நான்கு சந்தா கட்டவேண்டும். பிரைம் மாதத்துக்கு 299, வருடத்துக்கு 1,499 ரூபாய். வருடச் சந்தாவாகப் பார்த்தால் மாதம் 125 ரூபாய்தான், மலிவுதானே என்பார்கள். 1,499 ரூபாயை ஒரே நாளில் எடுத்து வைக்க முடிகிறவருக்கு அது மலிவு. வாரக்கூலி வாங்குகிறவருக்குக் கட்ட முடிவது 299 மட்டும். அதாவது, குறைவாகச் சம்பாதிக்கிறவர் அதிக விலை கொடுக்கவேண்டும். கட்டியவருக்கும் 2025 ஜூனிலிருந்து நடுவில் விளம்பரம் வருகிறது. அது வேண்டாம் என்றால் தனிப் பணம். மளிகைக் கடையில் ஒரு ரூபாய்க்கு ஷாம்பு பாக்கெட் போட்டு இந்தியாவைப் பிடித்த வியாபார அறிவு, இங்கே மட்டும் ஏன் வேலை செய்யவில்லை?

ஈ.ஒய். அறிக்கையிலேயே இன்னொரு கணக்கு இருக்கிறது. கோடிகளைப் பற்றிப் பேசியவர்கள் இதைப் பற்றி அதிகம் பேசவில்லை. திருட்டு வழியில் பார்ப்பவர்களில் 64 சதவீதம் பேர், விளம்பரம் வந்தாலும் பரவாயில்லை, இலவசமாகக் கிடைத்தால் நேர்வழிக்கு வந்துவிடுகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். சட்டத்துக்குப் பயந்தவர்களின் பதில் இல்லை இது. வழி இருந்தால் வருகிறேன் என்கிறவர்களின் பதில். அவர்களை விளம்பரத்தோடு உள்ளே விட்டால் வருமானம் குறைவாக இருக்கலாம். ஆனால் பட்டியலில் அவர்கள் வந்துவிடுவார்கள். தம்பியின் அறையில் இருக்கும் ஆறு பேரும், கும்மிடிப்பூண்டி என்ற ஊர்ப் பெயரோடு, கடைசி எபிசோடு வரை பார்த்தவர்களாகக் கணக்கில் ஏறுவார்கள்.

இந்த மாதிரி யோசனை தமிழனுக்கு வராமலும் இல்லை. இயக்குநர் சேரன் 2015 மார்ச்சில் 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தை 'சி2ஹெச்' என்ற திட்டத்தில் 50 ரூபாய் டிவிடியாக நேராக வீடுகளுக்குக் கொண்டுபோனார். திருட்டு விசிடி விற்கிறவனிடம் போகிற மக்களை நாமே தேடிப் போவோம் என்பதுதான் அவர் சொன்னது. திட்டம் நிலைக்கவில்லை. டிவிடிகளும் அடுத்த சில வருடங்களில் ஒழிந்துபோயின. ஆனால் அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி, காலம்தான் ஐந்து வருடம் முந்திவிட்டது. கேரள அரசு 2024 மார்ச்சில் தொடங்கிய 'சி ஸ்பேஸ்' தளத்தில், ஒரு படத்துக்கு 75 ரூபாய் கட்டி அந்தப் படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம். மாதச் சந்தா கிடையாது. பார்த்தால் மட்டும் பணம் என்பதைக் கூலித் தொழிலாளி உடனே புரிந்துகொள்வார். அவர் வாழ்க்கையே அப்படித்தான் ஓடுகிறது.

*

திருவள்ளூர் மாவட்டத்துக்கு இந்த விஷயத்தில் இன்னொரு உறவும் உண்டு. பூந்தமல்லியைத் தாண்டி நசரேத்பேட்டைப் பக்கம் உள்ள ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டி இந்த மாவட்டத்துக்குள்தான் இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷன், கோர்ட், ஜெயில் என்று எந்த அரங்கம் வேண்டுமானாலும் அங்கே எழும்பும். எழுப்புகிறவர்கள் தச்சர்கள், வர்ணம் அடிப்பவர்கள், லைட்மேன்கள். 2020 பிப்ரவரி 19 இரவு 'இந்தியன் 2' படப்பிடிப்பில் கிரேன் சாய்ந்து மூன்று பேர் உயிரிழந்தது அந்த வளாகத்தில்தான். திரையில் தெரியும் இருட்டுக்குப் பின்னால் நிற்பவர்கள் எந்த மாதிரி ஆபத்தில் நிற்கிறார்கள் என்பதை அந்த இரவு காட்டியது. ஒரு தொடர் நிறுத்தப்பட்டால் நடிகருக்கு வேறு படம் வரும். இவர்களுக்குப் போவது நாற்பது, ஐம்பது நாள் பேட்டா. அவர்களும் அன்றாடக் கூலிக்காரர்கள்தான். காக்களூர் சிட்கோவிலும் கும்மிடிப்பூண்டி உருக்காலைகளிலும் நிற்பவர்களின் அண்ணன் தம்பிகள் அவர்கள்.

சொல்லப்படாத கதைகள் இங்கே எத்தனை இருக்கின்றன! உருக்காலைப் புகை கரியாகப் படியும் ஓட்டு வீடுகள். தேர்வாய் கண்டிகையில் மேய்ச்சல் நிலம் தொழிற்பேட்டையாக மாறியபோது கிராமமே எழுந்து நின்ற போராட்டம். கும்மிடிப்பூண்டி முகாமில் 1990-லிருந்து மூன்று தலைமுறையாக வாழும் ஈழத்தமிழர்கள். ஊர் பேர் தெரியாமல் பீகாரிலிருந்து வந்து, காணாமல் போனால் புகார் கொடுக்கக்கூட ஆளில்லாத தொழிலாளர்கள். ஆந்திர எல்லையில் இரண்டு போலீஸ் எல்லைகளுக்கு நடுவே ஒரு சடலம் கிடந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே முதல் எபிசோடு தயார். தானாகுளத்து இரவைக் கொண்டு ஒரு படம் வந்தது. இந்த மண்ணில் இன்னும் பத்துத் தொடர்களுக்கு விஷயம் இருக்கிறது. அவற்றை எழுதக்கூடிய பிள்ளை இங்கேயே ஏதோ ஓர் அறையில் இருக்கலாம். அந்தப் பிள்ளை எழுதி எடுத்துக்கொண்டு போகும்போது, உங்கள் ஊரில் இதையெல்லாம் யார் பார்ப்பார்கள் என்று கேட்பவருக்குக் காட்ட ஒரு கணக்கு வேண்டும்.

கவரைப்பேட்டை தாண்டியபோது தம்பியின் போனில் கடைசி எபிசோடு முடிந்தது. பெயர்கள் ஓடத் தொடங்கின. எழுதியவர், ஒளிப்பதிவு, கலை, லைட், தயாரிப்பு மேற்பார்வை. அவர் அதைத் தள்ளிவிடவில்லை. ஃபைல் அங்கேயே வெட்டப்பட்டிருந்தது. இரண்டு பெயருக்குப் பிறகு திரை கருத்துப்போனது. இயர்போனைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டார். முகத்தில், நல்ல கதை ஒன்று முடிந்துவிட்டால் வருமே, அந்தச் சின்ன வெறுமை.

"செம்மையா எடுத்திருக்காங்க ண்ணா. எங்க மேஸ்திரி மாதிரியே ஒரு ஆளு வர்றான் இதுல" என்றார். வண்டி கும்மிடிப்பூண்டியில் நின்றது. டிஃபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கியவர், பிளாட்பாரத்திலிருந்து திரும்பி ஜன்னல் பக்கம் வந்தார்.

"இதுக்கு ரெண்டாவது பாகம் எப்பண்ணா வரும்?"